கைதியை மூடிய அத்தி

அந்தக் காலத்தில் மரங்களும் மனிதர்களோடு பேசும். கடலுக்கு அப்பால், மாயர் என்னும் இனத்தார் வாழ்ந்த காட்டு நாட்டில், அத்தி மரமும் மற்ற மரங்களைப் போல மண்ணில்தான் வேர்விட்டு நின்றது. கல் இருக்கும் பக்கமே அதன் வேர் போகாது.

அந்த நாட்டில் யஷ்துன் என்று ஒரு நகரம். அதன் அரசன் ஒவ்வொரு போர் முடிந்ததும் சதுக்கத்தில் இரண்டு ஆள் உயரக் கல் ஒன்றை நிறுத்துவான். கல்லில் அவன் உருவம் நிற்கும். அவன் பாதத்துக்கு அடியில் தோற்றவன் ஒருவன் மண்டியிட்டுக் கிடப்பான்.

ஆற்றங்கரைச் சிற்றூரான சக்னாவை அந்த அரசனின் படை எரித்தது. பானை வனையும் நிக்தே களிமண் எடுக்கப் போயிருந்ததால் அவள் ஒருத்தி மட்டும் தப்பினாள். அவளுடைய ஒரே மகன் லாமத்தைக் கட்டி இழுத்துப் போயிருந்தார்கள். ஒன்பது நாள் நடந்து அவள் யஷ்துன் வந்து சேர்ந்தபோது கைதிகளைப் பலியிட்டு முடித்திருந்தார்கள். சதுக்கத்தைக் கழுவிக்கூட விட்டிருந்தார்கள்.

புதிதாக நிறுத்திய கல்லின் முன்னால் காபான் என்ற சிற்பி உட்கார்ந்து, வெட்டிய எழுத்துகளை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிக்தேவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மண்டியிட்டிருந்தவனின் இடது காது மடல் கிழிந்திருப்பதைப் பார்த்தாள். ஐந்து வயதில் நாய் கடித்த காது அது.

"ஐயா, இவன் தொடையில் என்ன எழுதியிருக்கிறது?"

"அவன் பெயர், அம்மா. சக்னா ஊர் லாமத்."

"காது அப்படியே இருக்கிறது."

காபான் கையை நிறுத்தினார். அவள் யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது. "எதிரில் உட்கார வைத்துத்தான் செதுக்கினேன். மூன்று நாள்."

"ஏதாவது பேசினானா?"

"தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். கயிறு இறுக்குகிறது என்றான். அதைத் தளர்த்த எனக்கு உத்தரவு இல்லை."

"அவனை இதிலிருந்து எடுத்துவிடுங்கள் ஐயா. இத்தனை பேர் முன்னால் அவன் இப்படிக் கிடக்க வேண்டாம்."

"உளியை வைத்தால் என்னைக் கொன்றுவிடுவார்கள். அது போகட்டும். உங்கள் ஊரில் இனி யார் இருக்கிறார்கள்? அவன் பெயர் இப்போது இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அதையும் வெட்டி எறியச் சொல்கிறீர்களா?"

நிக்தே திரும்பி நடந்தாள். சதுக்கத்தின் ஓரத்தில் இருந்த அத்தி மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து போகவே இல்லை. சந்தைக்கு வருகிறவர்கள் கைதியின் முகத்தில் துப்பிவிட்டுப் போவார்கள். விழா நாட்களில் கரி பூசுவார்கள். கூட்டம் கலைந்ததும் அவள் போய்த் தன் மேல்துணியால் துடைத்துவிட்டு வருவாள்.

ஒருநாள் அவள் அத்தியிடம் கேட்டாள். "உன் வேரை அனுப்பி என் மகனை மூடிவிடுவாயா?"

"கல்லில் எனக்குக் குடிக்க ஒன்றும் கிடையாது" என்றது மரம்.

"நான் தண்ணீர் ஊற்றுகிறேன்."

"இன்னொன்றையும் கேட்டுக்கொள். எனக்கு மெதுவாகப் பிடிக்கத் தெரியாது. பிடித்தால் பருத்துக்கொண்டே போவேன். கல் பிளக்கும். பெயரை அதன் பிறகு யாரும் படிக்க முடியாது."

நிக்தே எழுந்து போய், எழுத்து வெட்டியிருந்த தொடையை விரலால் தடவிவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள். "என்னை அம்மா என்று கூப்பிட்டவன் அவன். அவன் பெயர் எனக்குத் தெரியும். போதும், மூடிவிடு."

மரம் ஒரு வேரை அனுப்பியது. குளத்திலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து அவள் ஊற்றினாள். அடுத்த வருஷம் மழை பொய்த்தது. குளம் வற்றியதும் ஆளுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் என்று அளந்து கொடுத்தார்கள். தன் கிண்ணத்தில் உதட்டை நனைத்துக்கொண்டு மீதியை அவள் வேருக்கு ஊற்றினாள். வேர் கல்லில் ஏறி, அரசனின் பாதத்துக்கும் லாமத்தின் முதுகுக்கும் நடுவில் நுழைந்த அன்று, அவள் கல்லில் சாய்ந்தபடி இறந்து கிடந்தாள். காபான்தான் அவளை அந்த இடத்திலேயே புதைத்தார்.

வேரை வெட்டச் சொல்லி அரசன் ஆள் அனுப்பினான். "வெட்டினால் கல்லில் இருக்கும் உங்கள் பாதம் உடைந்துவிடும்" என்று காபான் சொல்லி அனுப்பினார். அரசன் கோடரியோடு போன ஆளைத் திருப்பி அழைத்துக்கொண்டான். அப்படிச் சொன்னதற்காகக் காபானின் இரண்டு கைகளையும் வெட்டச் செய்தான்.

மழை வரவில்லை. மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். கடைசியில் அரசனும் போனான். ஆளில்லாத சதுக்கத்தில் வேர் பருத்தது. ஒரு நண்பகலில் கல் கணுக்காலோடு முறிந்து, அரசனின் உருவம் முகம் குப்புற விழுந்தது. லாமத்தின் உருவம் வேருக்குள்ளேயே நின்றது. பெயர் இருந்த தொடை மூன்றாகப் பிளந்திருந்தது.

மற்ற அத்தி மரங்கள் இதைப் பார்த்துத் தாங்களும் கல்லுக்கு வேரை அனுப்பின. மாயர் நாட்டின் அத்தி மரம் நல்ல மண்ணை விட்டுவிட்டு, பாழடைந்த நகரங்களின் கல்லைத் தேடிப்போய் இறுக்கிக்கொள்வது அன்று தொடங்கியதுதான். காட்டைத் திருத்த வருகிறவர்கள் இன்றும் மற்ற மரங்களை வெட்டுவார்கள். உள்ளே யாருடைய மகனாவது இருப்பான் என்று, கல்லைப் பிடித்திருக்கும் அத்தியை மட்டும் வெட்டாமல் சுற்றிக்கொண்டு போவார்கள்.