வெளிச்சம் இழுத்த பந்து

வெளிச்சம் இழுக்கும் என்றார் ஆவுடையப்பன். பூமி இழுக்கிற மாதிரி, மலை இழுக்கிற மாதிரி வெளிச்சமும் இழுக்கும், அதுவும் புத்தகத்தில் போட்டிருப்பதைவிடப் பல கோடி மடங்கு இழுக்கும் என்றார். சொன்னதோடு விடவில்லை. நிரூபித்துவிட்டேன் என்றும் சொன்னார். இன்றைக்குப் பதினோரு மணிக்கு அதைச் சபையில் அறிவிக்கப்போகிறார்.

ஐம்பத்து மூன்று வயசு. முன்பு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். கெடுபிடியான மனுஷன். செய்முறை வகுப்பில் எந்தப் பிள்ளையாவது ஸ்கேலைப் பார்த்துவிட்டு "சார், பன்னிரண்டு" என்று ஓடிவந்தால் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். "அளவை அப்புறம் சொல்லு. முதல்ல எங்க நின்னு பார்த்தே, அதைச் சொல்லு" என்பார். சாய்ந்து நின்று பார்த்தால் அளவு மாறிப்போகும், அதனால்தான். பிள்ளைகளுக்கு அளவெடுப்பதைவிட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு.

அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் ஆராய்ச்சிக்கு வந்தார். இந்த வயசில் இவருக்கு என்ன கிறுக்கு என்று சொந்தக்காரர்கள் அவர் காதுபடவே பேசினார்கள். மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. இன்றைக்கு அந்த அம்மாளும் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

ஆவுடையப்பனுக்கு வழிகாட்டி பேராசிரியர் மெகருன்னிசா. அவரைவிடப் பதிமூன்று வயது சின்னவர். அவரிடமே பள்ளிக்கூடத்தில் படித்தவர், ஸ்கேலோடு ஓடிவந்து திட்டு வாங்கியவர்களில் ஒருவர். இப்போது அவர் இவரை "மேடம்" என்பார், இவர் அவரை "சார்" என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

சோதனை நடப்பது கல்லூரியின் நிலவறையில். முடியை விட மெல்லிய கம்பியில் ஒரு தண்டு தொங்கும். தண்டின் இரண்டு முனையிலும் இரண்டு பந்து. எல்லாம் காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் கூண்டுக்குள். ஒரு பந்தை உரசுகிற மாதிரி லேசர் ஒளி போகும். பந்து ஒரு துளி நகர்ந்தாலும் நிலவறைக் கதவுக்கு வெளியே இருக்கும் திரையில் கோடு வளைந்து காட்டிவிடும்.

லேசர் பழசு. விட்டால் மங்கிப்போகும். அதனால் ஆவுடையப்பன் பக்கத்திலேயே நின்று வெளிச்சத்தைக் கூட்டுகிற திருகைப் பிடித்துக்கொண்டிருப்பார். நடந்தால் கம்பி ஆடிவிடும் என்று அசையவே மாட்டார், கொசு கடித்தாலும் தட்டமாட்டார். மாணவர்கள் அதைத் தவம் என்பார்கள். ஒளியை அணைத்த பிறகு அங்கே அவருக்கு என்ன வேலை? மெதுவாக வெளியே வந்து டீ குடிக்கப் போய்விடுவார். வெளிச்சம் இருந்தால் கோடு வளையும், இல்லாவிட்டால் நேராகும். நாலு வருஷமாக ஒருமுறைகூடத் தப்பியதில்லை. சூடு, காற்று, காந்தம் என்று ஒவ்வொன்றையும் தடுத்து வைத்திருந்தார். அதில் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை.

நேற்று வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர்கள் உள்ளே வந்து பார்த்தார்கள். அசையாதீர்கள் என்று அவர்களையும் அதட்டித் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். வெளியே வந்து திரையைப் பார்த்தால், நேற்று வளைந்த மாதிரி அந்தக் கோடு என்றைக்குமே வளைந்ததில்லை. விருந்தாளி வந்த ராசி என்று அவர் சொல்ல, எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். மெகருன்னிசா மட்டும் தட்டவில்லை.

காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்த ஆவுடையப்பனை நிலவறை வாசலிலேயே மறித்துவிட்டார் மெகருன்னிசா. இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். மைதானத்துக்கு அந்தப் பக்கம் அரங்கில் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது.

"நாலு வருஷம் ஆச்சு. இன்னமும் உங்களுக்கு நம்பிக்கை வரலையா மேடம்?"

மெகருன்னிசா கதவில் கை வைத்தார்.

"நீங்க வெளிய உக்காருங்க சார். இன்னைக்கு நான் உள்ள போறேன்."

இதுவரை அவர் அப்படிக் கேட்டதே இல்லை. ஆவுடையப்பனுக்கு ஆத்திரம்தான், ஆனாலும் சொல்லிக்கொடுத்தார். இடதுபக்கச் சுவரை ஒட்டி நிற்கணும், திருகை முழுசாகத் திருகணும், மூச்சைக்கூட மெதுவாக விடணும். மெகருன்னிசா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். கனத்த கதவு. மூடினால் உள்ளே இருக்கும் வெளிச்சம் இம்மிகூட வெளியே தெரியாது.

ஆவுடையப்பன் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்தப் பந்து அவசரப்படாது. அரை மணி நேரமாவது ஆகும். கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. வளையாமல் போய்விடுமோ என்று அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சலவைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பிறகு வளைந்தது. பழகின பக்கமே வளைந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கதவைத் திறந்து மெகருன்னிசா வெளியே வந்ததும் அவரே எழுந்துபோனார். முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்தீங்களா. யார் போட்டாலும் வளையும். எனக்கு வளையறதைவிடக் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். திருகை முழுசாத் திருகலை போல."

"நான் லைட்டே போடலை சார்."

அவருக்கு அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"போடாம?"

"சும்மா நின்னேன். நீங்க நிக்கிற இடத்துல."

ஆவுடையப்பன் திரையைத் திரும்பிப் பார்த்தார். ரோட்டில் லாரி போயிருக்கும் என்றார். அரங்கத்தில் நாற்காலி இழுத்திருப்பார்கள் என்றார். மெகருன்னிசா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஆவுடையப்பன் விறுவிறுவென்று உள்ளே போனார். லேசரைத் தொடவில்லை. இருட்டில் சுவரை ஒட்டி, வழக்கம்போல அசையாமல் நின்றார். பொய்யாகப் போகட்டும் என்று கும்பிடாத சாமியில்லை.

வெளியே வந்து திரையைப் பார்த்தார். கோடு முழுசாக வளைந்திருந்தது. நாலு வருஷமாக அவர் பார்த்த அதே வளைவு. அவருடைய எண்பது கிலோ உடம்பு அந்தப் பக்கத்துப் பந்தைத் தன்பக்கம் இழுத்திருந்தது. மெகருன்னிசா ஒல்லியானவர், அதனால் கம்மி. நேற்று நாலைந்து பேர், அதனால் அதிகம்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதை ஆவுடையப்பனே சொல்லி அவரே செய்தார், யாரும் கேட்கவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து வந்து லேசரின் வயரை வெளியே இழுத்தார். திருகை முழுசாக வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வளைந்த கோடு நேராகும்வரை காத்திருந்தார். லேசர் மங்கிப் பாதியானாலும் கோடு பாதியாவது வளையணும் என்று முனகிக்கொண்டே பிளக்கைச் செருகினார். உள்ளே வெளிச்சம் மட்டும் இருந்தது. இரண்டு பேரும் வெளியே, எட்டத்தில் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

கோடு நேராகப் போனது. அரை மணி நேரம் ஆனது, அதற்கு மேலும் ஆனது. நேராகவே போனது.

அப்போதுதான் அவர் உடைந்தார். மேடம் எல்லாம் போய்விட்டது.

"ஏம்மா மெகரு, நாலு வருஷமா பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"கோட்டைத்தான் பார்த்தேன் சார். நீங்க நிக்கறதை நேத்துதான் பார்த்தேன். தப்பு எனக்கும்தான்."

ஆவுடையப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார். இன்றைக்கு மட்டும் பேசிவிடுகிறேன். கூட்டம் முடியட்டும். பிறகு மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம். இந்த நிலவறைக்குள் நடந்தது நம் இரண்டு பேருக்குத்தானே தெரியும்.

மெகருன்னிசா அவரையே பார்த்தார். திரையில் கோடு போய்க்கொண்டிருந்தது. அவர் மெகருன்னிசாவின் முகத்தைப் பார்த்தார், பார்க்கமுடியாமல் கோட்டைப் பார்த்தார், அதையும் பார்க்கமுடியவில்லை. கடைசியில் குனிந்து, தொப்பையில் ஒட்டியிருந்த சலவைச் சட்டையைப் பார்த்தார். இந்த உடம்பா, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒலிபெருக்கியில் அவர் பேரைக் கூப்பிட்டார்கள். அரங்கத்தில் கைதட்டுகிற சத்தம் படிக்கட்டு வழியாக இறங்கிவந்தது.

ஆவுடையப்பன் எழுந்தார். இரண்டு படி ஏறினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"அங்க போய் நான் என்னத்தைச் சொல்ல?"

மெகருன்னிசா திரையை அணைத்துவிட்டு, அவருக்குப் பின்னாலேயே படியேற வந்தார்.

"அளவை அப்புறம் சொல்லலாம் சார். முதல்ல எங்க நின்னு பார்த்தீங்க, அதைச் சொல்லுங்க."