கதவுக்கு வெளியே நின்றவள்

மூளை அறுவை மருத்துவர் ஹமீதாவிடம் தொழில் கற்றவன் இளவழகன். கைப்பக்குவம் உள்ளவன். அவசரம்தான் கொஞ்சம் அதிகம்.

தூத்துக்குடியிலிருந்து ஜெனிட்டா என்ற ஏழு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். பலூன் ஊதினால் அவளுக்கு வலது கை துவண்டுவிடும். கொஞ்ச நேரத்தில் சரியாகும். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொண்டே வரும் அரிய நோய். அவற்றுக்குப் பதிலாக முளைக்கும் நூலிழைக் குழாய்கள் படத்தில் புகை மாதிரி தெரிந்தன. தலைத்தோலில் ஓடும் தமனி ஒன்றை மூளையின் மேல் பதித்துத் தைத்தால், அதிலிருந்து மெல்லப் புதுக் குழாய்கள் கிளைக்கும்.

"அதுவரைக்கும் பிள்ளையை அழ விடாதே" என்றார் ஹமீதா. "ஏங்கி அழுதா மூளைக்குப் போற ரத்தம் இன்னும் குறையும்."

அறுவை நாள் காலை ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. பிள்ளை அலறினாள். இளவழகன் தாய் ஸ்டெல்லாவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினான்.

"இதோ முடிஞ்சிடும்" என்று மறுபடி குத்தினான்.

முடிந்தபோது பிள்ளையின் வலது கை அசையவில்லை. வாய் திறந்தது, சொல் வரவில்லை.

நடந்ததை அன்றே ஹமீதாவிடம் சொன்னான்.

"அவங்கம்மாகிட்டயும் சொல்லிடு" என்றார் அவர்.

தலையாட்டினான். ஆனால் ஸ்டெல்லாவிடம், "நோயோட வேகம்மா" என்று மட்டும் சொன்னான்.

அன்று தள்ளிப்போன அறுவையைச் சில வாரம் கழித்து ஹமீதா செய்தார். புதுக் குழாய்கள் நன்றாகவே கிளைத்தன. பிள்ளை நடந்தாள், ஓடினாள். கை பாதிதான் தேறியது. பேச்சு திரும்பவில்லை.

அடுத்த முறை காட்ட வந்த ஸ்டெல்லா அவன் கையில் தங்கள் ஊர் மக்ரூன் இனிப்புப் பொட்டலம் ஒன்றை வைத்தாள்.

"நீங்கதான் சார் என் பிள்ளைய மீட்டுத் தந்தீங்க."

அவன் நேரே ஹமீதாவின் அறைக்குப் போனான்.

"மேடம், நான் அவங்ககிட்ட இன்னும் உண்மையைச் சொல்லல."

ஹமீதா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"நிம்மதியா இருக்காங்க. இப்போ போய் அதைக் கெடுக்கணுமா?"

"நிம்மதியா இருக்காங்களா? பேச்சு ஏன் போச்சுன்னு நினைக்கிறாங்க? கேட்டுட்டு வா."

அவன் போய்க் கேட்டான். ஸ்டெல்லா மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"என்னாலதான் சார். நீங்க வெளிய போகச் சொன்னீங்க, நானும் போயிட்டேன். உள்ள 'அம்மா, அம்மா'ன்னு கூப்பிட்டா. நான் கதவத் தட்டவே இல்ல. அதுக்கப்புறம் அவ என்னைக் கூப்பிடவே இல்ல சார்."

இளவழகன் அவள் எதிரே உட்கார்ந்தான். பிள்ளையை அழ விடக்கூடாது என்று ஹமீதா தனக்குச் சொல்லியிருந்ததையும், தான் அவசரப்பட்டதையும், பிறகு மறைத்ததையும் சொன்னான்.

ஸ்டெல்லா கடைசிவரை கேட்டாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அவன் ஹமீதாவிடம் வந்தான்.

"என்னை மன்னிப்பாங்களா மேடம்?"

"முதல்ல அவங்க தன்னை மன்னிச்சுக்கட்டும்" என்றார் ஹமீதா.