குரங்கின் சலவைக்கடையும் குமுதி வாத்தும்

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு குரங்கு சலவைக்கடை போட்டது. துணி துவைக்க வந்த மனிதர்கள் மறந்துவிட்டுப் போன சோப்புத்தூள் பொட்டலம்தான் அதன் முதல். முயல், மரநாய், நரி எல்லாம் நுரையில் குளித்துப் பளபளவென்று திரும்பின. நரிக்குத் தலைகால் புரியவில்லை.

குமுதி என்ற வாத்து மட்டும் கடையைச் சுற்றிச் சுற்றி வந்தது. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் அதற்குத் தூக்கம் வராது. தூளில் என்ன கலந்திருக்கிறது என்று குரங்கிடம் விசாரித்தது.

"பச்சை இலைப் படம் போட்டிருக்கு பாரு. அப்புறம் என்ன பயம்?"

இலை என்றதும் குமுதி நம்பிவிட்டது. மறுநாள் அதன் குஞ்சுகள் முதன்முதலாகத் தண்ணீரில் இறங்க வேண்டும். அதற்குள் தானும் ஒரு முழுக்குப் போடலாம் என்று குளத்தில் படர்ந்த நுரைக்குள் இறங்கியது. சற்று நேரத்தில் இறகெல்லாம் ஊறிக் கனத்தது. மிதக்கப் பிறந்த உடம்பு மூழ்கத் தொடங்கியது! குமுதி தட்டுத்தடுமாறிக் கரையேறியது. இந்தத் தண்ணீரில் குஞ்சுகள் இறங்கியிருந்தால்?

பயம் தெளிந்ததும் பழைய குணம் தலைதூக்கியது. ஏன் இப்படி ஆனது? அலகால் கோதிப் பார்த்தது. இறகில் எப்போதும் இருக்கும் எண்ணெய்ப் பசையைக் காணோம். நுரைதான் அதைக் கரைத்ததோ என்று சந்தேகம் வந்தது.

தண்ணீர்மேல் நடக்கும் பூச்சி ஒன்றைக் கெஞ்சிக் கூட்டி வந்தது. தாமரை இலையில் ஊற்று நீரைத் தேக்கி, அதன்மேல் நிற்கச் சொன்னது. பூச்சி ஜம்மென்று நின்றது. நுரைத் தண்ணீர் ஒரு சொட்டை அதில் விட்டதும் அதன் கால்கள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டன. குமுதி சட்டென்று அதை அலகால் தூக்கிவிட்டது.

குரங்கு விடவில்லை. சோப்புபோல நுரைக்கும் பூந்திக்கொட்டையைக் கசக்கிக் கொண்டுவந்து, இது மரத்தில் காய்த்தது, இதில் ஒரு குறையும் இருக்காது என்று அடித்துப் பேசியது. அதையும் சோதிக்கலாம் என்றது குமுதி.

"மறுபடியும் நானா?" என்றது பூச்சி, அழாத குறையாக.

அதிலும் பூச்சி மூழ்கியது. மறுபடியும் அலகால் தூக்கிவிட வேண்டியதாயிற்று.

குமுதி சொன்னது: "மரத்துல காய்ச்சா மரத்துக்கு நல்லது. குளத்துக்கு நல்லதான்னு குளத்துலதானே கேக்கணும்?"

பொட்டலத்தைக் கட்டி ஓரமாக வைத்த குரங்கு, பூந்திக்கொட்டையோடு கடையைத் தூரத்து மேட்டுக்கு மாற்றியது. கழுவிய தண்ணீர் அங்கேயே மண்ணில் சுவறியது. நல்ல மழை பெய்து குளம் தெளிந்தபின், பூச்சி முதலில் இறங்கி நடந்து காட்டியது. பிறகுதான் குமுதி குஞ்சுகளை இறக்கியது. எல்லாம் மிதந்தன.

அழுக்கு போனதா என்று மட்டும் பார்ப்பவரைவிட, அழுக்கை எடுத்த பொருள் எங்கே போய்ச் சேரும், அங்கே வாழ்பவரை என்ன செய்யும் என்று கேட்பவரே சுத்தம் அறிந்தவர்.