சான்று பெற்ற மாம்பழம்

முன்னொரு காலத்தில் என்று தொடங்குகிறேன். எந்தக் காலம் என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்குச் சொன்னவரும் அதைச் சொல்லவில்லை. மகுடவர்மன் என்று ஓர் அரசர் இருந்தார். நல்ல மனிதர்தான். மனதில் ஒன்று தோன்றிவிட்டால் உடனே முரசறைந்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவரிடம் இருந்த தொந்தரவு.

ஒருநாள் அரசர் தம் விகடகவி அம்பலவாணரை அழைத்துக்கொண்டு அரண்மனைக் கல்லூரியைப் பார்வையிடப் போனார். அங்கே எல்லாப் பாடத்துக்கும் ஒரே முறைதான். ஆசிரியர் ஒரு வரி சொல்வார், மாணவர்கள் அதையே நூறு முறை சொல்வார்கள். இலக்கணமோ கணக்கோ மருத்துவமோ, எதுவானாலும் அப்படித்தான். முப்பதாவது முறையில் அரசர் தூங்கிப்போனார். விழித்துப் பார்த்தால் ஆசிரியரும் தூங்கிக்கொண்டிருந்தார். மாணவர்கள் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவர்களிலும் பாதிப் பேருக்குக் கண் மூடியிருந்தது.

"அம்பலவாணரே, இதற்கு என்ன செய்யலாம்?" என்று அரசர் கொட்டாவி விட்டபடியே கேட்டார்.

"ஆசிரியர்களைக் கேட்டுப் பார்க்கலாம் அரசே. ஆளுக்கொரு யோசனை இருக்கும். யோசனைக்குத் தேவையான சாமான்தான் இருக்காது."

மறுநாளே முரசு முழங்கியது. புதிய முறையில் பாடம் நடத்த விரும்பும் ஆசிரியர் எவரானாலும் அரசரிடம் ஒரு சிறுகொடை பெறலாம். வண்டி வேண்டுமா, கயிறு வேண்டுமா, நாலு பானை வேண்டுமா, எது தேவையோ அது கிடைக்கும். அதற்காக அரசர் தம் வெற்றிலைச் செலவைக் குறைத்துக்கொண்டார். வெற்றிலை போடுகிறவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய தியாகம் என்று தெரியும்.

கல்லூரியின் தலைவர் சோமநாத பண்டிதருக்கு இது பொறுக்கவில்லை. தாம் முப்பது வருடம் நடத்திய பாடத்தைக் குறை சொல்வதா? அதுவும் சிரிப்புக் காட்டிப் பிழைக்கிற ஓர் ஆளின் பேச்சைக் கேட்டு? ஆனால் அரச கட்டளையை மறுக்க முடியாது. ஆகவே அவர் அதற்கு இரண்டு விதிகள் எழுதினார். கேட்கும் முறை இதுவரை யாரும் செய்யாத புதிய முறையாக இருக்க வேண்டும். அந்த முறை ஏற்கெனவே பலன் தந்தது என்று மூன்று பெரியவர்கள் எழுதிக் கையொப்பமிட்ட சான்றும் இருக்க வேண்டும்.

ஆறு மாதம் போயிற்று. ஒருவருக்கும் ஒரு முழக் கயிறுகூடக் கிடைக்கவில்லை.

வைகாசி மாதம் ஒரு காலைவேளையில் அம்பலவாணர் கல்லூரி வாசலில் மருத்துவ ஆசிரியை ஆவுடையம்மாளைக் கண்டார். அவர் கையில் விண்ணப்ப ஓலை இருந்தது.

"என்னம்மா, திருப்பிக் கொடுத்துட்டாங்களா?"

"மூணாவது தடவைங்க ஐயா. நான் பெருசா என்ன கேட்டேன்? ரெண்டு மாட்டு வண்டி, மூணு நாளைக்கு அரிசி பருப்பு. பிள்ளைங்களை மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போயி பச்சிலையைக் கையில தொட்டுக் காட்டணும். அவ்வளவுதான்."

"பாட்டுல எல்லாம் இருக்குதேம்மா."

"பாட்டுல இருக்கு. பன்னிரண்டு பேரும் கீழாநெல்லிப் பாட்டை ராகத்தோட பாடுறாங்க. நேத்து முற்றத்துல முளைச்சிருந்த கீழாநெல்லியை மிதிச்சுக்கிட்டே பாடினாங்க ஐயா." அவர் ஓலையைச் சுருட்டினார். "ஆனி பிறந்தா இவங்களை ஊர் ஊரா வைத்தியம் பார்க்க அனுப்பிடுவாங்க. எந்த இலையைக் கிள்ளி எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பாங்களோன்னு நெனச்சா எனக்குச் சோறு இறங்கலை."

அம்பலவாணர் அந்த ஓலையை வாங்கிக்கொண்டார். நேரே சபைக்குப் போனார்.

அவர் வாய் திறப்பதற்குள் பண்டிதர் முந்திக்கொண்டார். "அரசே, விதி கடுமை என்று விகடர் ஊரெல்லாம் சொல்லி வருகிறார். அறிவுள்ளவருக்கு அது கடுமையே அல்ல. முற்றிலும் புதியதும், முன்பே பலன் கண்டதுமான ஒரு பொருளை அவரே சபைக்குக் கொண்டுவந்து காட்டட்டும். காட்டிவிட்டால் அடியேன் விதியை மாற்றிக்கொள்கிறேன்."

அரசருக்குப் போட்டி என்றால் கொள்ளை ஆசை. "நல்லது. நாளை உச்சிப்பொழுதுக்குள் கொண்டுவாரும் அம்பலவாணரே. தவறினால் சபையில் உமது இருக்கை பண்டிதருக்கு. மருத்துவ ஆசிரியையின் விண்ணப்பமும் அதோடு முடிந்தது."

"உத்தரவு அரசே" என்றார் அம்பலவாணர்.

மறுநாள் காலை அவர் நல்ல பழுத்த மாம்பழம் ஒன்றை எடுத்துக்கொண்டு பண்டிதர் வீட்டுக்கே போனார். பண்டிதரோடு எப்போதும் தலையாட்டிக்கொண்டிருக்கும் உதவிப் பண்டிதர்கள் இருவரும் அங்கே இருந்தார்கள்.

"இன்று சபையில் நான் வைக்கப்போகும் பொருள் இதுதான்" என்றார் அம்பலவாணர். "புதிய பழம், இதை இன்னும் ஒருவரும் தின்றதில்லை. நல்ல பழம் என்று மூன்று பெரியவர்கள் எழுதித் தர வேண்டும் அல்லவா? உங்களைவிடப் பெரியவர்களை நான் எங்கே போய்த் தேடுவேன்?"

பண்டிதர் கணக்குப் போட்டார். முழுவதையும் தின்று தீர்த்துவிட்டால் இவர் சபையில் எதை வைப்பார்? மூவரும் உட்கார்ந்தார்கள். தோலை வழித்தார்கள், கொட்டையை மாற்றி மாற்றிச் சப்பினார்கள். பிறகு பண்டிதர் தாராள மனதோடு, "மிக இனிய பழம், அரசர் உண்ணத் தகுந்தது, முழுவதும் உண்டு அறிந்தோம்" என்று ஓலையில் எழுதினார். மூவரும் கையொப்பமிட்டார்கள்.

உச்சிப்பொழுதுக்குச் சபை நிறைந்திருந்தது. பட்டுத்துணி மூடிய வெள்ளித் தட்டை அம்பலவாணர் அரசர் முன் வைத்துத் துணியை விலக்கினார். தட்டில் சப்பிய கொட்டையும் கொஞ்சம் தோலும் கிடந்தன. பக்கத்தில் ஓலை.

"என்ன இது?" என்றார் அரசர்.

"தாங்கள் கேட்ட பொருள்தான் அரசே. காலைவரை யாரும் தின்னாத புதிய மாம்பழம். இப்போது மூன்று பெரியவர்களின் சான்றும் வந்துவிட்டது. பழம்தான் இல்லை."

அரசர் ஓலையைப் படித்தார். 'அரசர் உண்ணத் தகுந்தது' என்ற இடத்தில் அவர் முகம் சிவந்தது. இங்கே ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். அரண்மனைத் தோட்டத்தில் அரசர் தம் கையால் வைத்த மாங்கன்று ஒன்று இருந்தது. ஏழு வருடம் கழித்து அந்த வைகாசியில்தான் முதல்முறையாகக் காய்த்திருந்தது. அதுவும் ஒரே ஒரு காய். அதற்கு இரண்டு காவலர்கள்.

"என் பழத்தையா தின்றீர்கள்?" என்றார் அரசர், பண்டிதரைப் பார்த்து.

பண்டிதர் மெல்ல உதவிப் பண்டிதர்களின் பின்னால் ஒதுங்கினார்.

"இல்லை அரசே" என்றார் அம்பலவாணர். "இது நான் சந்தையில் வாங்கிய பழம். தங்கள் பழம் மரத்திலேயே பத்திரமாக இருக்கிறது. இன்னும் நாலு நாளில் பழுத்துவிடும் என்றார் தோட்டக்காரர். ஆனால் அதைத் தாங்கள் தொட முடியாதே. அந்த மரத்துப் பழத்தை இதுவரை ஒருவரும் தின்று பார்க்கவில்லை. சான்றில்லாத பழம். விதிப்படி முதலில் பண்டிதர்கள் மூவரும் அதை முழுவதும் உண்டு, எழுதித் தரவேண்டும்."

"ஏழு வருடம் தண்ணீர் ஊற்றியது நான். தின்பது இவர்களா?"

"ஆவுடையம்மாளும் பன்னிரண்டு மாணவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறார் அரசே."

அரசர் கொட்டையைப் பார்த்தார், பண்டிதரைப் பார்த்தார். பண்டிதரின் மீசை ஓரத்தில் ஒரு மாம்பழ நார் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அரசர் சிரிக்கத் தொடங்கினார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சபையும் சிரித்தது.

"சான்று பிறகு வரட்டும்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வண்டி இன்றே போகட்டும். பலன் உண்டா என்று பார்த்து எழுதப் பண்டிதரும் கூடவே போகட்டும்."

நாலாம் நாள் வண்டிகள் திரும்பின. பண்டிதரின் இரண்டு கைகளிலும் மணிக்கட்டுவரை பச்சிலை அரைத்துப் பூசித் துணி சுற்றியிருந்தது. மலையடிவாரத்தில் துளசிப் பாட்டைக் கணீரென்று பாடிக்கொண்டே அவர் கை நிறையப் பறித்தது செந்தட்டிச் செடியை. தொட்ட இடமெல்லாம் தடித்து அரித்து, அவர் துள்ளிய துள்ளலில் வண்டிமாடுகள் மிரண்டுவிட்டன என்று வண்டிக்காரர் சொன்னார்.

"மருந்து போட்டது யார்?" என்று கேட்டார் அரசர்.

"மாணவர்கள்தான் அரசே" என்றார் பண்டிதர். முதல்முறையாக அவர் குரலில் பெருமை இல்லை. "அந்தப் பச்சிலையைத் தாங்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். அரை நாழிகையில் எரிச்சல் அடங்கியது." பிறகு சுற்றிய துணியோடே எழுத்தாணியைப் பிடித்து, கோணல் மாணலாக, 'கண்டேன், பலன் உண்டு' என்று எழுதிக் கொடுத்தார். ஆவுடையம்மாள் அந்த ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் அரசரின் மாம்பழமும் பழுத்து இறங்கியது. அதைத் தம் கையாலேயே நறுக்கி முதல் துண்டை அம்பலவாணருக்குப் பரிசாகக் கொடுத்தார், அடுத்ததைத் தாம் வாயில் போட்டுக்கொண்டார். இருவர் முகமும் ஒரே நேரத்தில் கோணியது. அப்படி ஒரு புளிப்பு.

பண்டிதர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "அரசே, சிறுகொடைகளிலும் சில இப்படிப் புளித்துப் போகலாமே. அப்போது என்ன செய்வது?"

அரசர் இன்னொரு துண்டை எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு மென்றார்.

"மரத்தை வெட்டவா சொல்கிறீர்?" என்று கேட்டுவிட்டு, பல் கூசக் கூச மறுபடியும் சிரித்தார். பிறகு தோட்டக்காரரை அழைத்து, மறுநாள் காலையும் மறக்காமல் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.