கைக்குத் தெரிந்த நேர்

குருகுலம் என்றால் ஆற்றங்கரையும் மரநிழலும் வேண்டும் என்று நினைப்பவர்கள் சங்ககிரி புறவழிச்சாலைப் பக்கம் வர வேண்டாம். இங்கே குருகுலத்துக்கு இடப்பக்கம் டயர் கடை, வலப்பக்கம் டீக்கடை. நடுவில் இருப்பது கோகிலவாணியின் வீல் அலைன்மென்ட் பட்டறை.

குரு கோகிலவாணிக்கு முப்பத்தாறு வயது. சீடர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தொன்று. சீடர் குருவைவிட மூத்தவராக இருக்கக்கூடாது என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை. அழைப்பதில்தான் சிறு சிக்கல். சாதாரண நாட்களில் அவர் குருவை "அம்மணி" என்பார். ஏதாவது தப்பு நடந்துவிட்டால் "குருவே" என்பார்.

நாச்சிமுத்து கரூர் தடத்தில் தனியார் பஸ் ஓட்டியவர். அந்த பஸ் நின்றுபோன பிறகுதான் இந்தத் தொழில் கற்க வந்தார். காங்கேயத்தில் இரண்டாவது பட்டறை ஒன்று தயாராகிப் பூட்டிக் கிடந்தது. அவர் பார்த்த வண்டி எதுவும் ஒரு மாதத்துக்குக் குறையோடு திரும்பி வராவிட்டால் அதன் சாவி அவருக்கு என்று குரு சொல்லியிருந்தார். அவர் மனைவி அதற்குள் காங்கேயத்தில் வாடகைக்கு வீடு பார்த்து, கொல்லையில் என்ன செடி வைப்பது என்பது வரை முடிவு செய்துவிட்டார்.

அந்த ஒரு மாதத்தின் கடைசியில் ஒரு வெள்ளைக் கார் பட்டறை வாசலில் திரும்பியது.

"குருவே" என்றார் நாச்சிமுத்து.

இறங்கியவர் ஜமால் பாய். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர்.

"இவரு வேலை பார்த்ததுல இருந்து ஸ்டியரிங் வலப்பக்கம் சாஞ்சே நிக்குதும்மா. வண்டி நேராத்தான் போகுது. ஸ்டியரிங் மட்டும் காதுவலிக்காரன் மாதிரி தலையைச் சாய்ச்சிருக்கு."

"துளியூண்டு இருக்குமுங்க பாய். அது யாருக்குத் தெரியப்போகுது?"

"ஓட்டுறவனுக்குத் தெரியாது, அவன் ரோட்டைப் பார்ப்பான். நான் நாள் பூரா பக்கத்து சீட்ல உக்காந்து ஸ்டியரிங்கையே பார்க்கிறவன். எங்கிட்டப் படிச்ச பொண்ணு ஒண்ணு இதுதான் நேருன்னு பழகிட்டு, அவங்க மாமா காரை நேர் ரோட்டுல ஓட்டி வாய்க்கால்ல விட்டுருச்சு. மாமா என்னைத் தேடிட்டு இருக்கார்."

நாச்சிமுத்து அலைன்மென்ட் மெஷினின் திரையைத் தட்டி அந்த வண்டியின் கணக்கை எடுத்துக் காட்டினார். எல்லா எண்களும் பச்சையாக இருந்தன.

"பாருங்க குருவே. பச்சைங்க."

"திரைக்குச் சக்கரம்தானுங்கண்ணா தெரியும்" என்றார் கோகிலவாணி. "ஸ்டியரிங்கை நேரா வச்சு, அசையாம சீட்டுல கம்பி கொடுத்துப் பூட்டுனது நீங்க. அதுக்கப்புறம்தான் கீழ டை ராடுங்கற கம்பியைத் திருகிச் சக்கரத்தை நேராக்கறோம். நீங்க எதை நேருன்னு சொன்னீங்களோ, சக்கரம் அதைத்தான் நம்பிட்டு வந்துச்சு."

ஜமால் பாய்க்கு அவசரம். "ஸ்டியரிங்கை மட்டும் கழட்டி நேரா மாட்டிக் குடும்மா. போய்டறேன்."

"கழுத்து சுளுக்கிக்கிச்சுன்னா தொப்பியை நேரா வைக்கலாமுங்க பாய். சுளுக்கு அப்படியேதான் இருக்கும்."

ஜமால் பாய் தன் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நேரை எதை வச்சுப் பார்த்தீங்கண்ணா?"

"கையை வச்சுத்தானுங்க."

"ரசமட்டம்?"

ரசமட்டம் சுவரில் ஆணியில் தொங்கியது. அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு சிலந்தி நிம்மதியாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"அது கொத்தனாருக்குங்க அம்மணி. டிரைவருக்குக் கைதானுங்க. இத்தனை வருசம் ஓட்டுன கை பொய் சொல்லுமுங்களா?"

குரு கோபித்துக்கொண்டிருக்கலாம். தடி எடுத்த குருமார்களும் உண்டு; மரபில் அதற்கு இடமிருக்கிறது. கோகிலவாணி எடுத்தது ரசமட்டத்தை. சிலந்தியைச் சேதமில்லாமல் சுவருக்கு அனுப்பிவிட்டு, கண்ணாடியைத் துணியால் துடைத்தார்.

"வண்டியில ஏறி உக்காருங்க. கண்ணை மூடிக்குங்க."

நாச்சிமுத்து மூடிக்கொண்டார். கோகிலவாணி ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டார்.

"இப்ப நேரா வைங்க."

வைத்தார். அதன்மேல் ரசமட்டத்தை வைத்தபோது குமிழி கோட்டைத் தாண்டி இடப்பக்கம் ஒரு நெல்லளவு ஒதுங்கி நின்றது.

கண்ணைத் திறக்க விடாமல் கோகிலவாணி அவரைக் கைபிடித்துப் பக்கத்தில் நின்ற காரில் ஏற்றினார். அங்கேயும் இடப்பக்கம், ஒரு நெல்லளவு. அதற்கடுத்து நின்ற லோடு வேனில் ஏற்றினார். குமிழி அதே இடத்துக்குப் போய், வீட்டுக்கு வந்த மாதிரி நின்றது.

ஜமால் பாய் பக்கத்துக் கடையில் வாங்கிய டீயைக் குடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து கண்ணைத் திறந்தார். "நேராத்தானுங்களே இருக்கு!" குமிழியைப் பார்த்தார். "மட்டம் கெட்டுப்போச்சுங்களாட்ட இருக்கு."

கோகிலவாணி ரசமட்டத்தை இடவலமாகத் திருப்பி வைத்தார். கெட்ட மட்டமாக இருந்தால் குமிழி இப்போது அடுத்த பக்கம் போக வேண்டும். போகவில்லை. இடப்பக்கமே நின்றது.

நாச்சிமுத்து வேனிலிருந்து இறங்கி வர நேரம் எடுத்துக்கொண்டார்.

"காங்கேயத்துல வேற ஆளைப் பாருங்க குருவே. வீட்டுல நான் சொல்லிக்கிறேன்."

கோகிலவாணி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து, வெள்ளைக் காரின் பானெட் மேல் வைத்தார்.

"எடுத்துக்குங்க."

"கோணலாப் பூட்டுனவனுக்குங்களா?"

"மூணு வண்டி, மூணு விதமான சீட்டு. கண்ணை மூடிட்டு வச்சும் மூணுலயும் ஒரே அளவு. நானும் இத்தனை வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், எனக்கு அப்படி ஒரு கை அமையலீங்கண்ணா." அவர் குரலில் கேலி இல்லை. நாச்சிமுத்து தேடிப் பார்த்தார், இல்லை.

"ஆமாப்பா" என்றார் ஜமால் பாய். "எங்கிட்டப் படிக்கிற பசங்க ஒருத்தனுக்கும் கை இப்படி நிக்காது."

நாச்சிமுத்து சாவியைத் தொடவில்லை.

"அத்தனை நல்ல கைன்னா, அது ஏனுங்க குருவே கோணலை நேருங்குது?"

கோகிலவாணி அவர் கைகளைப் பார்த்தார்.

"நீங்க ஓட்டுன பஸ்ஸோட ஸ்டியரிங் எப்படி இருக்கும்?"

"நல்ல பெருசுங்க. அகலமா." நாச்சிமுத்து இரண்டு கைகளையும் தூக்கி, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக் காட்டினார். "நான் சேர்ந்த புதுசுல ஒருக்கா பாலத்துக் கட்டையில இடிச்சுப்போச்சுங்க. அன்னையிலிருந்து..."

நிறுத்தினார். காற்றில் இருந்த அவர் கைகளில் வலது கை சற்றே தாழ்ந்திருந்தது. நெல்லளவு.

"முதலாளி அப்புறம் பார்த்துக்கலாம்னாருங்க. நானும் அப்படியே பழகிட்டேன். ஆனா ஒரு நாள்கூட அது கோட்டை விட்டு விலகுனதில்லை அம்மணி. ஏறி வந்த சனத்துக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுதானுங்க. வேலைக்குப் போறப்ப நானே அந்த பஸ்ல நின்னுட்டே தூங்கியிருக்கேன்."

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. கைகளை இறக்க மறந்துவிட்டார்.

"இப்ப அந்த பஸ் எங்கீங்கண்ணா?"

"அதைத்தான் உடைச்சுட்டாங்களே. என் கண்ணு முன்னாலதான் வெட்டிக் காயலான் கடைக்கு ஏத்துனாங்க."

கோகிலவாணி ரசமட்டத்தைக் கொண்டுவந்து சாவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பஸ் போயிருச்சுன்னு உங்க கைக்கு யாரும் சொல்லலீங்களாண்ணா?"

காற்றில் பிடித்திருந்த ஸ்டியரிங்கை நாச்சிமுத்து மெல்ல விட்டுவிட்டு, ரசமட்டத்தை எடுத்தார்.