இதயமாக மறுத்த செல்கள்

“இந்தச் செல்லுங்க மண்டையில எதுவுமே ஏற மாட்டேங்குது மேடம்,” என்றார் திரவியம்.

கல்லூரியில் வெகுகாலம் பாடம் நடத்திவிட்டு, வேலையை உதறி, நாற்பத்தைந்து வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர். மாணவர்களைத் திட்டிய வாய் அவ்வளவு சீக்கிரம் மாறுமா?

வழிகாட்டி மெஹருன்னிசா அவரைவிட வயதில் இளையவர். “என்ன சொன்னீங்க அதுங்ககிட்ட?”

“இதயமா மாறுன்னு. ஸ்டெம் செல்தானே, எதுவா வேணா வளரும். அதுக்கான புரதத்தை ஊத்தினேன். கேக்கலை. ரெண்டு மடங்கு ஊத்தினேன். அப்பவும் சும்மாதான் கிடக்கு. இந்தத் தடவையும் போச்சுன்னா ஊருக்கே போயிடறேன்.”

பேச்சுக்குச் சொல்லவில்லை. விடுதி அறையில் பெட்டி கட்டியாகிவிட்டது.

“ஊத்துறதுக்கு முன்னாடி?”

“ஒட்டிக்கிட்டிருக்கிற செல்களை நொதி போட்டுப் பிரிப்பேன். பிரிச்ச கையோட புரதம்.”

மெஹருன்னிசா எழுந்தார். புரதக் குப்பியைக் குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“இன்னிக்கும் பிரிங்க. பிரிச்சுட்டு சும்மா இருங்க.”

“எவ்வளவு நேரம்?”

மெஹருன்னிசா அதற்குள் கதவைத் தாண்டியிருந்தார்.

திரவியத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருந்தாலும் பிரித்தார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மதியம் மெஹருன்னிசா எட்டிப் பார்த்தார். “அந்த நொதி ஒட்டினதை மட்டுமா வெட்டுது?”

திரவியத்துக்கு அப்போதுதான் உறைத்தது. செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஏற்பிகளையும் அது மழித்துவிடும். வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கி, நீ இதயம், நீ எலும்பு என்று செல்லுக்குள் சொல்வதே அந்த ஏற்பிகள்தான். இத்தனை நாளும் காதை அறுத்துவிட்டுக் கத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

“இப்போ என்ன செய்யறது மேடம்?”

“நாம ஒண்ணும் செய்ய வேண்டாம். வெட்டுப்பட்ட ஏற்பியை அதுங்களே திரும்பச் செஞ்சுக்கும், நேரம் குடுத்தா போதும்.”

சாயங்காலம் சாவி கைக்கு வந்தது. புரதத்தை முதலில் ஊற்றிய அளவே விட்டார்.

நாட்கள் போயின. ஒரு காலை, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். தட்டின் ஓரத்தில் கடுகளவு இடம் சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது. யாரும் தொடவில்லை. உடம்பு இல்லை, ரத்தம் இல்லை, இருந்தும் துடித்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

மெஹருன்னிசா வந்து பக்கத்தில் நின்றார்.

“ஊருக்கு என்னைக்குக் கிளம்பறீங்க?”

திரவியத்தின் காதில் அது விழவில்லை.