‘ஸூன்’ என்றால் எந்தக் கிழமை?

ஆசிரமத்தில் சிங்காரவேலருக்குத்தான் வயது அதிகம். குருவான திலகவதி அம்மையே அவரைவிடப் பத்து வயது இளையவர். அம்மை துறவுக்கு முன் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். அதனால்தான் அன்று காலை, தியானத்துக்குக்கூட உட்காராமல், சிங்காரவேலர் நேரே அவரிடம் வந்து நின்றார்.

“ஸூன்னா என்னம்மா?”

“சீக்கிரம்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். பெங்களூரில் இருக்கும் பேத்திக்குத்தான் தெரியவில்லை. மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டபோது, மருமகனை வாசலிலேயே நிற்கவைத்து வாய்க்கு வந்தபடி பேசியவர் இவர். மகள் மனம் இறங்கி மறுபடி ஃபோன் செய்யத் தொடங்கி ஒரு வருடம் இருக்கும். தமிழ் சரியாக வராத பேத்தி ஒவ்வொரு முறையும், தாத்தா எப்போது வருவீர்கள் என்று கேட்பாள். இவர் ‘ஸூன்’ என்பார். மருமகன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கம் அவருக்கு. போன வாரம் அவள், ஸூன் என்றால் எந்தக் கிழமை என்று கேட்டாளாம்.

“நேத்து எப்போ வருவேன்னு கேட்கவே இல்லம்மா. ஸ்கூல் கதையைச் சொல்லிட்டு வச்சுட்டா,” என்றார். “எனக்குப் பயமா இருக்கு.”

அம்மை சற்று யோசித்தார். ஆயிரம் வருடத்துக்கு முன் அந்தச் சொல்லுக்குச் சீக்கிரம் என்று பொருள் இல்லை, இந்தக் கணமே என்றுதான் பொருள் என்றார்.

சிங்காரவேலருக்கு நம்ப முடியவில்லை. ஒரு சொல் அவ்வளவு தூரமா இளகிப்போகும்?

“யாரும்மா மாத்தினாங்க?”

“சொல்லிட்டு எழுந்திருக்காதவங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது என்றார். கட்டிலில் கிடந்தபடியே ‘இதோ வந்துட்டேன்’ என்று ஃபோனில் சொல்கிறவர்கள்தானே நாம். சொல்வது இறந்தகாலம், வருவது எதிர்காலம். அம்மையும் சிரித்தார்.

“அந்தச் சொல்லைத் திரும்பப் பழைய அர்த்தத்துக்கே கொண்டுவர முடியாதாம்மா?”

“முடியுமே,” என்றார் அம்மை. “பெங்களூர் பஸ் எத்தனை மணிக்கு?”